எதிரணி வரும் நாள்

கித்துல்மலைத் தோட்டத்துப் பிள்ளைகளிடம் ஓர் உதைபந்தாட்டக் கழகம் இருந்தது. அதில் ஏழு ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். ஒரு பந்து இருந்தது. மூங்கிலால் செய்த கோல் கம்பங்கள் இருந்தன. பெயர்ப்பலகைகூட இருந்தது.

எதிரணிதான் இல்லை.

பலகையை எழுதியவன் அணித்தலைவன் ஸ்ரீதரன். கழகம் தொடங்கிய முதல் வாரத்திலேயே, சிவப்புப் பெயிண்டில் பெரிதாக எழுதி, மைதானத்து ஓரம் நட்டுவிட்டான். தோட்டத்து டிராக்டர் ஓட்டும் நல்லையா மாமா அதைப் படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"கித்துல்மலை உதைபந்தாட்டக் கலகம்னு எழுதியிருக்கியேடா! கழகம்னு எழுதணும். கலகம்னா சண்டை."

ஸ்ரீதரன் தலையைச் சொறிந்தான். "வேற பெயிண்ட் இல்ல மாமா."

"அப்ப இருக்கட்டும். நீங்க ஆடுறதப் பாத்தா இதுவும் பொருத்தமாத்தான் இருக்கு."

மைதானம் என்பது, வயதான றப்பர் மரங்களை வெட்டிய பிறகு சும்மா கிடந்த ஒரு சரிவு. மேலேயிருந்து உதைத்தால் பந்து நிற்காமல் ஓடைக்குப் போய்விடும். கீழேயிருந்து உதைத்தால் பாதி வழியில் களைத்துத் திரும்பி வரும். நடுவில், யாராலும் பிடுங்க முடியாத ஒரு மரக்கட்டை நின்றது. எல்லோரும் அதைச் சுற்றித்தான் ஓட வேண்டும்.

பதினொரு வயதுக் கோகிலாதான் அணியின் கோலி, அதாவது கோல் காப்பாளர். முதல் நாள், "யாரு கோலுக்குள்ள நிக்கிறது?" என்று ஸ்ரீதரன் கேட்டபோது, எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். கோகிலா மட்டும் பந்தைப் பார்த்தாள். உதைப்பதைவிடப் பந்தைப் பிடிப்பதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. பாய்ந்து விழும்போது வயிற்றுக்குள் ஒரு கூச்சம் வருமே, அதுவும் பிடித்திருந்தது.

கோகிலாவின் அம்மா விஜயகலா, அவிசாவளையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறவர். மிஞ்சிய துணியில் ஏழு ஜேர்சி தைத்துக் கொடுத்தார். பழுத்த பப்பாளியின் நிறம். கோகிலாவின் முதுகில் ஒன்று என்ற எண்.

உண்மையான போட்டி வரும்வரை ஜேர்சியை யாரும் போடக் கூடாது என்று கழகம் முடிவு செய்தது. அதனால் ஏழும் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. கோகிலா அவ்வப்போது பெட்டியைத் திறந்து, தன்னுடையதை எடுத்துத் தோளில் வைத்துப் பார்ப்பாள். அவள் வளர்ந்துகொண்டே இருந்தாள். ஜேர்சி வளரவில்லை. அம்மா அதன் ஓரத்தை ஒருமுறை பிரித்துத் தைத்தார். பிறகு இன்னொரு முறை.

"இனிமே பிரிக்கத் துணி இல்ல கோகி," என்றார். "சீக்கிரமா யாரையாச்சும் விளையாட வரச் சொல்லு."

யார் வருவார்கள்? தோட்டத்துக்கு வரும் வழி அப்படி. பஸ் சந்தியோடு நின்றுவிடும். சிறிய வாகனங்கள் பாலம்வரை வரும். அதற்கு மேல் ஏற்றம், கல், சேறு.

போன வெசாக் விடுமுறைக்குப் பக்கத்துத் தோட்டத்து அணி வருவதாகச் சொல்லியிருந்தது. ஜேர்சிகளை வெளியே எடுத்து வெயிலில் போட்டார்கள். ஒரு வாளி நிறைய எலுமிச்சைத் தண்ணீர் கரைத்து வைத்தார்கள். காலையிலிருந்து பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மத்தியானம்தான் செய்தி வந்தது. இரவு பெய்த மழையில் பாதையில் மண் சரிந்துவிட்டதாம். அவர்களால் வர முடியாதாம்.

அன்று அந்த வாளித் தண்ணீர் முழுவதையும் ஏழு பேரே குடித்துத் தீர்த்தார்கள். வயிறு நிறைந்தும் யாருக்கும் மனசு நிறையவில்லை. ஜேர்சிகள் மறுபடியும் பெட்டிக்குள் போயின.

அதன் பிறகும் தினமும் விளையாடினார்கள். தங்களுக்குள்ளேயே, குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளின்படி இரண்டாகப் பிரிந்து, மேல் லயத்துப் பிள்ளைகள் ஒரு பக்கம், கீழ் லயத்துப் பிள்ளைகள் ஒரு பக்கம். யார் எங்கே ஓடுவார்கள், யார் எப்போது விழுவார்கள் என்று எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. ஆட்டம் முடிந்ததும் கோகிலா கம்பத்தில் சாய்ந்துகொண்டு கீழே தெரியும் பாதையைப் பார்ப்பாள். யாராவது, முன்பின் தெரியாத யாராவது, ஒரு பந்தை உதைத்துக்கொண்டு அந்த வளைவில் திரும்பி வர மாட்டார்களா?

ஒரு சனிக்கிழமை அவள் அம்மாவுடன் தெஹியோவிட்டச் சந்தைக்குப் போனாள். அம்மா கருவாட்டுக் கடையில் நின்றபோது, கடைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது.

தொம்.

அந்தச் சத்தம் கோகிலாவுக்கு நன்றாகத் தெரியும். ஓடிப்போய்ப் பார்த்தாள். பச்சை ஜேர்சி போட்ட பையன்கள் ஏழெட்டுப் பேர் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கோலுக்குள் நின்ற சிறுவன் பாய்ந்து பந்தைப் பிடித்தான். கோகிலா தன்னை அறியாமல் கை தட்டிவிட்டாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உயரமான ஒருவன் பக்கத்தில் வந்தான். அவன்தான் அவர்களுடைய தலைவன். பெயர் ஜாபிர்.

"என்ன தங்கச்சி, பந்து பாக்க வந்தீங்களா?"

"நானும் கோலிதான்," என்றாள் கோகிலா. "கித்துல்மலைத் தோட்டத்துல எங்களுக்கும் ஒரு கழகம் இருக்கு."

"நெசமாவா? யாரோட ஆடுறீங்க?"

கோகிலா சற்றுத் தயங்கினாள். "எங்களோடயேதான்."

ஜாபிர் சிரிக்கவில்லை. "நாங்களும் அப்படித்தான். அவிசாவளைப் பெரிய பொடியன்மார் எங்கள எடுக்கிறதில்ல. சின்னப் புள்ளைகளாம்."

"அப்ப எங்க தோட்டத்துக்கு வாங்க அண்ணே! பாலம் வரைக்கும் வேன் வரும். அதுக்கப்புறம் கொஞ்சம் ஏறணும், அவ்வளவுதான். அட்டை கடிக்கும். ஆனா சோப்பு பூசிக்கிட்டா கடிக்காது. மைதானம் கொஞ்சம் சாய்வு. நடுவுல ஒரு கட்டையும் இருக்கு." சொல்லச் சொல்ல அவளுடைய குரல் இறங்கிக்கொண்டே போனது. இதையெல்லாம் கேட்டால் யார் வருவார்கள்?

ஜாபிர் கோல் காத்த சிறுவனைத் திரும்பிப் பார்த்தான். "என்ன நிஸார், போவமா?"

"கட்டையில ஆடி எனக்குப் பழக்கமில்ல நாநா," என்றான் நிஸார். "ஆனா போவம்."

"சரி தங்கச்சி. வாப்பாக்கிட்டக் கேட்டுட்டுப் போன்ல செல்றேன். இன்ஷா அல்லாஹ், வாரோம்."

கோகிலா அம்மாவின் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அந்த வாரம் முழுவதும் அவள் மாலையில் சந்திக்குப் போய் நின்றாள். அம்மா வேலை முடிந்து வரும் பஸ் அங்கேதான் நிற்கும். போன் அம்மாவிடம்தான் இருக்கும். பஸ் ஜன்னலில் அம்மாவின் முகம் தெரிந்ததுமே கோகிலா புருவத்தை உயர்த்துவாள். அம்மா இறங்குவதற்கு முன்னாலேயே தலையை ஆட்டி இல்லை என்பார். பிறகு இருவரும் ஏற்றத்தில் வீட்டுக்கு நடப்பார்கள்.

வெள்ளிக்கிழமை அம்மா ஜன்னலிலிருந்தே சிரித்தார்.

"போயா அன்னிக்குக் காலையில வாராங்களாம்!"

கோகிலா சந்தியிலிருந்து லயம்வரை ஒரே ஓட்டமாக ஓடினாள். அம்மாவின் பையையும் தூக்கிக்கொண்டுதான் ஓடினாள். அது அவளுக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

பௌர்ணமி விடுமுறையான போயா தினம் வந்தது. யாருக்கும் வேலை இல்லை. லயத்துச் சனம் எல்லாம் மைதானத்தைச் சுற்றி நின்றது. கீழே நாட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்தும் சிங்களப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். பப்பாளி நிற ஜேர்சி போட்ட ஏழு பேரும் வரிசையாக நின்று பாதையைப் பார்த்தார்கள். அணியிலேயே சின்னவனான அழகமுத்து ஜேர்சியைப் போட்டுக்கொண்டுதான் இரவு தூங்கியிருந்தான். அது கசங்கிப் போயிருந்தது.

"வாராங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

வளைவில் ஒரு பச்சை தெரிந்தது. பிறகு இன்னொன்று. கோகிலா எண்ணினாள். ஐந்து பேர்தான் வந்தார்கள்.

ஜாபிருக்கு மூச்சு வாங்கியது. முகம் வாடியிருந்தது. "நிஸாருக்கும் அவன்ட தம்பிக்கும் கொப்புளிப்பான். உடம்பெல்லாம் கொப்புளம். வாறேன்னு அழுதான். உம்மா கதவப் பூட்டிட்டாங்க. எங்களுக்கு வேற ஆள் இல்ல."

"பரவாயில்ல," என்றான் ஸ்ரீதரன். "அஞ்சுக்கு அஞ்சு ஆடுவோம்."

சொல்லிவிட்டுத் தன் அணியைத் திரும்பிப் பார்த்தான். ஏழு பேர் நின்றார்கள். அப்படியென்றால் இரண்டு பேர் உட்கார வேண்டும். யார் அந்த இருவர் என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. அழகமுத்து மெல்ல ஸ்ரீதரனின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். பார்க்காவிட்டால் வெளியே அனுப்ப மாட்டார்கள் என்று நினைத்தான் போல.

கோகிலா மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

"ஸ்ரீ அண்ணே, நம்மள்ல ஒருத்தர் அவங்க பக்கம் போனா ஆறுக்கு ஆறு ஆயிரும். யாரும் உக்கார வேணாம்."

"அட, ஆமா!" ஸ்ரீதரனின் முகம் மலர்ந்தது. "யாரு போறது?"

எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள்.

"யாரு வந்தாலும் சரி," என்றான் ஜாபிர். "எங்களுக்குக் கோலிதான் இல்ல."

கோகிலாவுக்குச் சுருக்கென்றது. யோசனையைச் சொல்லும்போது அவள் தன்னை நினைக்கவே இல்லை. குனிந்து தன் ஜேர்சியைப் பார்த்தாள். இத்தனை நாள் பெட்டிக்குள் கிடந்து இன்றைக்குத்தான் வெளியே வந்திருந்தது. பிறகு அழகமுத்துவைப் பார்த்தாள். அவனுடைய ஒரு கண் மட்டும் ஸ்ரீதரனின் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது.

"நான் போறேன்," என்றாள்.

"அப்ப நம்ம கோலுக்கு யாரு?" என்று கேட்டான் ஸ்ரீதரன்.

நெட்டைச் சுதாகரன் உடனே கையைத் தூக்கினான். அவனுக்கு ஓடுவதென்றால் ஆகாது. "ஓட வேணாம்னா நான் நிக்கிறேன்."

கோகிலா அம்மாவிடம் போய், பனியனுக்கு மேல் போட்டிருந்த ஜேர்சியைக் கழற்றிக் கொடுத்தாள்.

"இதுக்குத்தானே கோகி இவ்வளவு நாளாக் காத்திருந்த?" அம்மா மெதுவாகக் கேட்டார்.

"ஆமாம்மா. ஆனா இவங்க திரும்பிப் போயிட்டா மறுபடியும் எவ்வளவு நாள் காத்திருக்கணுமோ."

அம்மா ஜேர்சியை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். ஜாபிர் பையிலிருந்து ஒரு பச்சை ஜேர்சியை நீட்டினான்.

"நிஸார்ட ஜேர்சி."

"துவைச்சதா தம்பி?" என்று அம்மா அவசரமாகக் கேட்டார்.

"துவைச்சதுதான் மாமி. ரெண்டு தரம்!"

நல்லையா மாமா விசில் ஊதினார்.

போட்டி என்றால் இப்படியா இருக்கும்! ஜாபிர் வந்த வேகத்தில் மரக்கட்டையில் இடித்துக் குட்டிக்கரணம் போட்டான். எழுந்து, கட்டையிடம் "மன்னிக்கோணும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நாட்டுப் பக்கத்துப் பிள்ளைகள், யார் பந்தை வைத்திருந்தாலும், "கஹன்ன மல்லி, கஹன்ன!" என்று கத்தினார்கள். அடி தம்பி, அடி என்று இரண்டு அணிக்கும் ஒரே உற்சாகம்தான்.

கோகிலாவுக்கு மட்டும் எல்லாம் தலைகீழாக இருந்தது. அவளுக்குத் தெரிந்த முகங்கள் எல்லாம் அவளை எதிர்த்து ஓடி வந்தன. அழகமுத்து பெருவிரலால் நேராகத்தான் உதைப்பான். அவள் நேராக நின்று பிடித்தாள். ஸ்ரீதரன் இடது பக்கம் பார்த்துவிட்டு வலது பக்கம் உதைப்பான். அவள் வலது பக்கம் பாய்ந்து தட்டிவிட்டாள். பச்சை ஜேர்சிகள் ஓடி வந்து அவள் முதுகில் தட்டின.

"மெய்யாவே கோலிதான்!" என்றான் ஜாபிர்.

அது சந்தோஷமாகவும் இருந்தது. எங்கேயோ வலிக்கவும் செய்தது.

இரண்டாம் பாதியில் சுதாகரனின் காலில் ஓர் அட்டை ஏறியது. அவன் ஒற்றைக் காலில் நின்று அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, ஜாபிர் பந்தை அவனுக்குப் பக்கத்தால் உள்ளே உருட்டிவிட்டான்.

"கோல்!"

"அட்டை கடிச்சா கணக்கில்ல மாமா!" என்று சுதாகரன் கெஞ்சினான்.

"அட்டைக்கெல்லாம் விசில் ஊத முடியாதுடா," என்றார் நல்லையா மாமா.

நேரம் போய்க்கொண்டிருந்தது. கித்துல்மலைப் பிள்ளைகளின் முகங்கள் இறுகின. பந்து வெளியே போயிருந்த ஒரு வேளையில், ஸ்ரீதரன் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் வந்தான். குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டுவதுபோல் மெல்லப் பேசினான்.

"கோகி, ஒண்ணே ஒண்ணு விட்டுரு. யாருக்கும் தெரியாது."

கோகிலா யோசித்தாள். அவள் என்ன, வேற்றூர்ப் பிள்ளையா? ஒரு பந்துதானே. கை வழுக்கிவிட்டது என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? மைதானத்தின் மறுகோடியில் ஜாபிர் சேற்று முகத்தோடு நின்றான். அவன் அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே கோகிலா நிற்கிறாள் என்ற நம்பிக்கை அவனுக்கு.

"நானா விட்டா அது கோல் இல்ல அண்ணே," என்றாள். "அப்புறம் இது போட்டியும் இல்ல. நமக்குள்ள ஆடுறோமே, அதுதான்."

ஸ்ரீதரன் நிமிர்ந்து அவளை முறைத்தான். பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"சரி. அப்ப போட்டே காட்டுறேன்."

"போடு பாப்போம்."

பந்து மறுபடியும் உள்ளே வந்தது. அழகமுத்து அதைத் தள்ளிக்கொண்டு கட்டையைச் சுற்றி ஓடினான். ஸ்ரீதரனிடம் தட்டினான். ஸ்ரீதரன் தனியாக வந்தான். நிமிர்ந்தான். இடது பக்கம் பார்த்தான்.

கோகிலா வலது பக்கம் பாய்ந்தாள்.

பந்து இடது பக்கம் போனது.

மூங்கில் கம்பத்தில் உரசி, உள்ளே புகுந்து, பின்னால் இருந்த புதருக்குள் போய் நின்றது. ஒரு கணம் யாருக்கும் எதுவும் புரியவில்லை. பிறகு மைதானமே வெடித்தது. பப்பாளி நிற ஜேர்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து புரண்டன. கித்துல்மலைக் கழகத்தின் முதல் கோல்!

கோகிலா சேற்றிலிருந்து எழுந்தாள். கால்கள் தாமாகவே அந்தக் கூட்டத்தை நோக்கி இரண்டு எட்டு ஓடின. பிறகு நின்றன. அவள் போட்டிருந்தது பச்சை ஜேர்சி. அவர்கள் எல்லோரும் அங்கே கட்டிப் பிடித்துக் குதித்தார்கள். அவள் இங்கே கோலுக்கு முன்னால் தனியாக நின்றாள். போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது. ஆனாலும் உதடு மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தது.

ஜாபிர் இடுப்பில் கை வைத்தான். "என்ன இது? கோல் வாங்கிட்டுச் சிரிக்கிறீங்க?"

"இல்ல அண்ணே... நல்ல கோல்."

ஜாபிர் புதரைப் பார்த்தான். ஸ்ரீதரனைப் பார்த்தான். "நல்ல கோல்தான்," என்று ஒத்துக்கொண்டான்.

கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு அழகமுத்து அவளிடம் ஓடி வந்தான். "கோகி அக்கா! பாத்தியா? பாத்தியா?"

"எல்லாரையும் விட நான்தான்டா பக்கத்துல இருந்து பாத்தேன்!"

அதற்குப் பிறகு யாரும் கோல் போடவில்லை. ஒன்றுக்கு ஒன்று. நல்லையா மாமா நீளமாக விசில் ஊதினார். இரண்டு அணிகளும் ஒரே வாளியில் எலுமிச்சைத் தண்ணீர் குடித்தன. இந்த முறை அது போதவில்லை. அம்மா இன்னொரு வாளி கரைத்தார்.

புறப்படும்போது கோகிலா பச்சை ஜேர்சியைத் திருப்பிக் கொடுத்தாள். "நிஸார்கிட்டச் சொல்லுங்க, ஒண்ணுதான் விட்டேன்னு."

"செல்றேன்," என்றான் ஜாபிர். "அடுத்த போயாவுக்கு நீங்க எங்கட கிரவுண்டுக்கு வாங்க. நிஸாருக்குச் சுகமாயிரும். அன்னிக்கு நீங்க உங்கட டீம்ல, அவன் எங்கட டீம்ல. எங்க கிரவுண்ட்ல கட்டை எல்லாம் இல்ல."

"கட்டை இல்லாம எங்களுக்கு ஆட வராதே!" என்றான் சுதாகரன் கவலையுடன்.

பச்சை ஜேர்சிகள் வளைவில் மறையும்வரை கோகிலா கையை ஆட்டிக்கொண்டே நின்றாள். ஸ்ரீதரன் பக்கத்தில் வந்தான்.

"கோகி, ஒண்ணு சொல்லவா? நீ விட்டிருந்தா எனக்கு இவ்வளவு சந்தோஷமா இருந்திருக்காது."

"எனக்கும்தான்," என்றாள் கோகிலா.

சாயங்காலம் றப்பர் மரங்களுக்கு மேலே போயா நிலா எழும்பியது. வட்டமாக, குறையே இல்லாமல். லயத்து வாசலில் இருந்த எல்லோரும் அண்ணாந்து பார்த்து, என்ன அழகு என்றார்கள்.

"அம்மா, அடுத்த போயா எப்ப?" என்று கேட்டாள் கோகிலா.

"இந்த நிலா முழுசாத் தேயணும். அப்புறம் முழுசா வளரணும்."

கோகிலா கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு நிலாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"சீக்கிரம் ஆரம்பி," என்றாள் அதனிடம்.